சூடானால் மட்டும் வழுக்கிய கிளட்ச்: ஒரு ஆட்டோமேட்டிக் எம்எக்ஸ்-5 மேனுவலாகி, டர்போவும் ஏறிய கதை

நான்காவது கியரில் மணிக்கு 100 கிமீ வேகத்தில் போகும்போது இந்த வண்டியின் எஞ்சின் சுமார் 3,760 ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும். டயர் அளவும் பல்சக்கர விகிதமும் தெரிந்தால் யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. எஞ்சின் கணினி பதிந்த என் லாகில் 4,150 என்று இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் முள் மட்டும் துள்ளி ஏறுகிறது, வண்டி அதே வேகத்தில்தான் போகிறது, காலை எடுத்தால் ஒரு நொடியில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. கிளட்ச் வழுக்குகிறது என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் வண்டியை எடுத்த முதல் இருபது நிமிடத்தில் இது நடக்கவே நடக்காது, எவ்வளவு மிதித்தாலும் நடக்காது, இருபத்தைந்தைத் தாண்டினால் கேட்டபோதெல்லாம் நடக்கும். இதுதான் என்னை ஐந்து வாரம் அலையவிட்டது.

வண்டி 1995 மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.8 லிட்டர், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். சரியாகச் சொன்னால் 1,839 சிசி, கம்ப்ரெஷன் 9.0, புதிதில் சுமார் 130 குதிரைத்திறன், டார்க் 150 நியூட்டன் மீட்டர் பக்கம். பாடி துருப்பிடிக்காமல் இருந்தது, அதற்காகத்தான் வாங்கினேன். இந்த வண்டியை ஆட்டோமேட்டிக்காக ஓட்டுவது எனக்கு ஒப்பவில்லை, அது என் ரசனை, வாதத்துக்கு வரவில்லை. டர்போ போடுவது என்று முடிவானபோது அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியை வைத்துக்கொண்டே போட்டால் என்ன என்றும் ஒருமுறை யோசித்தேன். டார்க் கன்வெர்ட்டரின் சூடு, முப்பது வருடக் கிளட்ச் பேக்குகள், எப்போது கியர் மாற்றுவது என்பதைத் தனியாக முடிவெடுக்கும் ஒரு கன்ட்ரோல் யூனிட், இவ்வளவையும் டர்போவோடு சமாதானப்படுத்துவதைவிடப் பெட்டியை மாற்றுவதே சுலபம் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் கியர்பாக்ஸ், 2,000 கிமீ ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் டர்போ. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கோளாறு வரும்போது எது காரணம் என்று தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தேன். கடைப்பிடித்ததுதான் பின்னால் என்னை ஏமாற்றியது.

கியர்பாக்ஸ்

இந்த வேலைக்கு உதிரியாக ஒவ்வொன்றாகத் தேடி வாங்காதீர்கள், முன்பக்கம் அடிபட்ட ஒரு மேனுவல் வண்டியை முழுதாக வாங்குங்கள். கியர்பாக்ஸும் கிளட்ச் பெடலும் பட்டியலில் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எஞ்சினுக்கும் பெல்ஹவுசிங்குக்கும் நடுவில் வரும் மெல்லிய தகடு, ஃப்ளைவீல் போல்ட், ரிவர்ஸ் லைட் சுவிட்சின் சாக்கெட், இந்த மாதிரிச் சில்லறைகள் ஞாபகம் வராது. வேலை நிற்பது அங்கேதான்.

எம்எக்ஸ்-5-இல் கூடுதலாக ஒரு சமாசாரம் உண்டு. கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் பவர் பிளான்ட் ஃபிரேம் என்ற நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. பெட்டிக்கு அடியில் தனியாக மவுன்ட் கிடையாது, முன்னால் எஞ்சின் மவுன்ட்டும் பின்னால் டிஃப் மவுன்ட்டும்தான் மொத்தச் சுமையையும் தாங்குகின்றன. ஆட்டோமேட்டிக்குக்கு வரும் சட்டம் வேறு, மேனுவலுக்கு வேறு, புரொபெல்லர் ஷாஃப்ட்டும் அப்படியே. உதிரிக்காக முழுதாக வாங்கிய அந்த மேனுவல் வண்டி, அதாவது டோனர், இருந்ததால் பிழைத்தேன்.

டிஃப் விகிதம் 4.1 தானா என்று சந்தேகம் இருந்தது. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஒன்றை நண்பர் பிடித்துக்கொள்ள, மற்றதை நான் சரியாக இரண்டு சுற்று சுற்றினேன். திறந்த டிஃப் என்பதால் ஒரு சக்கரத்தின் இரண்டு சுற்று உள்ளே கேரியருக்கு ஒரு சுற்று. ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால் நான்கு சுற்று முடிந்து இன்னும் கொஞ்சம் போய் நின்றது. சரி, 4.1. ஆரம்பத்தில் சொன்ன 3,760 இந்த எண்ணிலிருந்துதான் வருகிறது: 185/60 ஆர்14 டயர், நான்காவது கியர் நேருக்கு நேர் 1.000.

ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் பின்னால் இருப்பது ஃப்ளெக்ஸ்பிளேட், ஒரு மெல்லிய தட்டு. மேனுவலில் அதே இடத்தில் வரும் ஃப்ளைவீல் அதைவிடப் பல மடங்கு தடிமன். தட்டைக் கழற்றிய போல்ட்டையே ஃப்ளைவீலுக்குப் போட்டால் கையில் நன்றாக இறங்குவது போலத்தான் இருக்கும், டைட்டும் ஆகும், ஆனால் மரையில் பிடிப்பது நான்கைந்து சுற்று மட்டுமே. 7,000 ஆர்பிஎம்மில் காலுக்குப் பக்கத்தில் சுற்றும் ஒரு இரும்புத் துண்டை நான்கு சுற்று மரையை நம்பி விட முடியாது. டோனரின் போல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நீள வித்தியாசம் கண்ணில் பட்டது. கியர்பாக்ஸ் தண்டின் முன்முனையைத் தாங்கும் பைலட் பேரிங் பல வண்டிகளில் கிராங்க்கின் பின்முனையில் உட்காரும், ஆட்டோமேட்டிக்காக வந்த எஞ்சினில் அது இருக்கவே இருக்காது, அதை மறந்துவிட்டுப் பெட்டியை ஏற்றியவர்கள் உண்டு. இந்த வண்டியில் அது ஃப்ளைவீலின் நடுவில் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக ஒன்றை அடித்தேன்.

மற்றவை வேகமாக: ஆட்டோமேட்டிக்கின் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் ஒரு சின்னக் கூலர் இருக்கும், அதன் இரண்டு வாயையும் அடைத்தேன். பி அல்லது என்-இல் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று தடுக்கும் சுவிட்சின் இரண்டு வயரை இணைக்காத வரை சாவியைத் திருப்பினால் சத்தமே வராது, இதில் ஒரு மாலை போயிற்று. சாவியை எடுக்கவிடாத பூட்டைக் கழற்றினேன். கியர் லீவர் உட்காரும் குழிக்குத் தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு, பெட்டிக்கு ஊற்றினால் அங்கே போகாது, தனியாகத்தான் ஊற்ற வேண்டும். அங்கே இருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள், இல்லையென்றால் டனல் சூடு முழுவதும் உங்கள் முழங்கைக்குத்தான்.

இனி கிளட்ச் பெடல். இங்கேதான் கதை தொடங்குகிறது, அப்போது எனக்குத் தெரியவில்லை.

டோனரின் பெடலைக் கழற்றி, தலைகீழாகக் காலடியில் படுத்துக்கொண்டு மாட்டினேன். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், அந்த அழுத்தத்தால் கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் வரும் ஹோஸ் மூன்றும் புதிது. காற்றை வெளியேற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டேன். கறகறவென்று கத்தியது. பெடலை முழுதாக மிதித்தும் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். சரி, தூரம் போதவில்லை என்று நினைத்து, பெடலுக்கும் மாஸ்டருக்கும் நடுவில் இருக்கும் புஷ்ராடின் லாக்நட்டைத் தளர்த்தி இரண்டரைச் சுற்று நீட்டினேன். கொஞ்சம் பரவாயில்லை. மறுநாள் மீண்டும் ஒருமுறை நிதானமாகக் காற்றை எடுத்தபோது, அதற்கென்று ஸ்லேவில் இருக்கும் நிப்பிளிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. அதற்கப்புறம் ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆக, குறை தூரத்தில் இல்லை, காற்றில் இருந்தது. நீட்டிய புஷ்ராடைத் திரும்பக் குறைத்தேனா? இல்லை. கியர் விழுகிற சந்தோஷத்தில் கம்பளத்தைப் போட்டு மூடிவிட்டேன்.

இன்னொரு பிழையும் நடந்தது, அது உடனே தெரிந்தது. 80 கிமீ தாண்டினால் இருக்கை அதிர்ந்தது. அந்த அலுமினியச் சட்டத்தை மாட்டும்போது பெட்டியின் பின்முனையை ஜாக்கியால் சரியான உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் போல்ட்டை டைட் செய்ய வேண்டும், நான் தொங்கியபடியே டைட் செய்திருந்தேன். ஷாஃப்டின் கோணம் கெட்டுவிட்டது. தளர்த்தித் தூக்கி மறுபடி டைட் செய்ததும் அதிர்வு போயிற்று.

2,000 கிமீ ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. கியர்பாக்ஸ் வேலை பாஸ் என்று மனத்தில் எழுதிவிட்டேன்.

டர்போ

சிறிய காரெட் ஜிடி2560 டர்போ, வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், முன்னால் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பூஸ்டுக்கு (டர்போ கூட்டும் அழுத்தத்துக்கு) எல்லை போடும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் 0.5 பார். பேராசை இல்லை. இந்த எஞ்சினின் கனெக்டிங் ராடு மெலிதானது, அதை வளைப்பது குதிரைத்திறனைவிட டார்க், அதிலும் 3,000 ஆர்பிஎம்மில் திடீரென்று வரும் டார்க்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. வெளிக்காற்று 30 டிகிரி. 0.5 பார் என்றால் அழுத்த விகிதம் 1.5. கம்ப்ரெஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் காற்று சுமார் 53 டிகிரி சூடேறி 83-இல் வெளியே வரும். இன்டர்கூலர் அந்த ஏற்றத்தில் 70 சதவீதத்தைத் திரும்ப எடுத்தால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் போவது 46 டிகிரி. அழுத்தம் ஒன்றரை மடங்கு, சூட்டைக் கழித்தால் அடர்த்தி 1.42 மடங்கு. அதாவது 150 நியூட்டன் மீட்டர் எஞ்சின் 210-ஐத் தாண்டும். இந்த 150-ஐயும் 210-ஐயும் ஞாபகத்தில் வையுங்கள்.

இன்ஜெக்டர்: 200 குதிரைத்திறனுக்கு, டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் குடிக்கும் என்று கொண்டால் மொத்தம் 54 கிலோ, நாலாகப் பிரித்தால் 13.5 கிலோ, நிமிடத்துக்கு சுமார் 300 சிசி. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 360 சிசி தேவை. 440 போட்டேன். எஞ்சினை நடத்த மெகாஸ்குவர்ட் என்ற தனி இசியூ (எஞ்சின் கணினி), மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்த்து எரிபொருள் கணக்கிடும் முறையில். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வந்த பழைய இசியூ தன் கியர்பாக்ஸைத் தேடிக்கொண்டே இருக்குமே என்ற கவலையும் இதோடு ஒழிந்தது.

டர்போவுக்கு ஆயில் போகும் குழாயைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், திரும்பி வரும் குழாயைப் பற்றிப் பேசுவது குறைவு. உள்ளே போவது அழுத்தத்தில் போகிறது, வெளியே வருவது வெறும் எடையில் இறங்குகிறது. அதனால் அது தடிமனாக, எங்கும் மேலேறாமல், எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். சம்ப்பைக் கழற்றித்தான் துளை போட்டேன். கிரீஸ் தடவிய ட்ரில்லால் கழற்றாமலே போடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

டர்போவிலிருந்து புகையைக் கீழே கொண்டுபோகும் டவுன்பைப் கியர்பாக்ஸின் பக்கமாக இறங்குகிறது. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டருக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி. பார்த்தேன், தொடவில்லையே என்று திருப்தியாக எழுந்துவிட்டேன்.

முதல் வாரம் வேஸ்ட்கேட்டுக்கு மேலே போகாமல், பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5 பக்கம் இருக்கும்படி, ஒவ்வொரு 0.1 பாருக்கும் ஒன்றரை டிகிரி டைமிங்கைப் பின்னால் இழுத்து வைத்து ஓட்டினேன். எரிபொருள் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டும் நாக்கிங் இல்லை. வண்டி பறந்தது. அப்புறம் ஒரு நாள் நீண்ட பயணத்தில், நான்காவது கியரில், அந்த முள் துள்ளியது.

தவறான வழிகள்

டர்போ போட்ட பிறகு வந்த கோளாறு. அதனால் டர்போவைத்தான் சந்தேகப்பட்டேன். பூஸ்ட் திடீரென்று எகிறி, கிளட்ச் தாங்கும் எல்லையைத் தாண்டுகிறதா? லாகில் மேனிஃபோல்ட் அழுத்தம் 150 கிலோ பாஸ்கலில், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் அதே 0.5 பாரில், கோடு கிழித்த மாதிரி நின்றது.

அடுத்து ஆயில். கிராங்க்கின் பின் சீல் கசிந்து கிளட்ச் டிஸ்க்கில் பட்டால் வழுக்கும், பூஸ்டில் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும்போது அந்தக் கசிவு அதிகமாகவும் ஆகும். கிளட்ச்சை விடுவிக்கும் ஃபோர்க் நுழையும் துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தேன். உள்ளே காய்ந்த தூசிதான்.

அப்படியானால் கிளட்ச் போதவில்லை, வேறென்ன. நான் போட்டிருந்தது டோனரின் சாதாரணக் கிளட்ச் வகையில் புதிய செட். ஒரு வார இறுதி முழுவதும் செலவழித்துப் பெட்டியை மறுபடி இறக்கி, டிஸ்க்கை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் கனமான ஒன்றையும் புது டிஸ்க்கையும் போட்டேன். பழைய டிஸ்க்கின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னியது, ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள். பார்த்தாயா, வழுக்கி வழுக்கித் தீய்ந்திருக்கிறது, இதுதான் என்று முடிவு கட்டினேன். வழுக்கினால் தீயும் என்பது சரி. ஏன் வழுக்கியது என்பதற்கு அது பதில் இல்லை.

புது கிளட்ச்சைப் பதமாகப் பழக்கி எடுத்து, மறுபடி மிதித்துப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம், ஒன்றும் இல்லை. முப்பது, ஒன்றும் இல்லை. முப்பத்தைந்தாவது நிமிடம் முள் துள்ளியது.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். திட்டவும் தோன்றவில்லை.

ஆனால் அந்தப் பத்து நிமிடம்தான் உண்மையான துப்பு. கிளட்ச்சின் வலு கூடினால் கோளாறு ஒழிந்திருக்க வேண்டும், இல்லை அப்படியே இருக்க வேண்டும். தள்ளிப்போனது என்றால், நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகும் ஏதோ ஒன்றோடு கிளட்ச் மல்லுக்கட்டுகிறது, பிளேட் கனமானதால் அது தோற்கப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகிறது.

பழைய கியர்பாக்ஸ் மெக்கானிக் ஒருவரிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, தேஞ்ச கிளட்ச்சு ஆறினா சரியாகிடுமா? ஆறினா சரியாகுதுன்னா தேய்மானம் இல்ல. சூட்ட எங்க வாங்குதுன்னு பாரு" என்றார். டிஸ்க் தானே வழுக்கிச் சூடாகி, அதனால் மேலும் வழுக்கலாமே என்றேன். "நீ ரோட்டுல சும்மா போய்க்கிட்டிருந்தேன்னுதான சொன்ன. வழுக்காம எப்படி டிஸ்க் சூடாகும்?"

பதில் இல்லை என்னிடம். உண்மைதான். அரை மணி நேரம் ஒரே வேகத்தில், பெடலையே தொடாமல் போய், அப்புறம் முதன்முறையாக மிதிக்கும்போதே வழுக்கியது. அந்த நேரத்தில் டிஸ்க் குளிர்ந்துதான் இருக்கும். சூடாக இருந்தது அதைச் சுற்றி இருந்த எல்லாமும்.

லாகும் நிப்பிளும்

இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவது, அதனால் இசியூ லாகில் வேகம் இல்லை. போனில் ஜிபிஎஸ் வேகத்தைத் தனியாகப் பதிந்து, இரண்டையும் நேரத்தால் ஒட்டினேன். ஒட்டுவதற்கு அடையாளம் வேண்டுமே, அதற்காகக் கிளம்பியதும் ஒரு இடத்தில் நிறுத்தி, மூன்று முறை எஞ்சினை உறுமவிட்டுச் சட்டென்று புறப்பட்டேன். அந்த மூன்று முனைகளுக்கு அடுத்து ஜிபிஎஸ் பூஜ்யத்தை விட்டு எழும் புள்ளி, இரண்டு கோடும் பொருந்திவிட்டன.

பிறகு ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் போதும். நான்காவது கியரில் அந்த விகிதம் 37.6 ஆக இருக்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் முழு பூஸ்டிலும் 37.6, 37.7. நாற்பது நிமிடம் கழித்துப் பாதி மிதியில் 37.6. முழு மிதியில் 38, 39, 41.5. பத்து சதவீத வழுக்கல். ஸ்கிரீனில் அந்தக் கோடு மெதுவாகப் படுக்கையை விட்டு எழுவது தெரிந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் மனத்தில் பட்டது. வண்டி சூடானபோதெல்லாம் கிளட்ச் பிடிக்கும் இடம் மேலே ஏறியிருந்தது. குளிர்ச்சியில் பெடல் பாதி தூரம் வந்ததும் பிடிக்கும், சூட்டில் கடைசி விரல்கடை தூரத்தில்தான் பிடிக்கும். பல நாளாகக் காலுக்குத் தெரிந்திருந்தது, தலைக்கு ஏறவில்லை.

பெடலின் மேல் கால் இல்லாதபோதும் யாரோ லேசாகக் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் இப்படித்தான் இருக்கும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டியில் செய்யும் சோதனையை இங்கே செய்தேன். நாற்பது நிமிடம் ஓட்டி, வழுக்குவதை உறுதி செய்து, ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு அணைத்து, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அடியில் போய் ஸ்லேவின் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன். பெடலை யாரும் தொடவில்லை. கிளட்ச்சிலும் இருக்கும் பிரேக் ஆயில் ஒரு சாண் தூரத்துக்குச் சீறி அடித்தது, அப்புறம் சொட்டுச் சொட்டாக அடங்கியது. ஸ்லேவின் தடி கண்ணெதிரே பின்வாங்கியது.

நிப்பிளை மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன். முழு பூஸ்ட், நான்காவது கியர், 37.7.

உள்ளே நடந்தது

மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து நிற்கும்போது, அதன் முன்னால் ஊசித் துளை மாதிரி ஒரு வழி திறக்கும். அந்த வழியாகக் கீழே உள்ள குழாயும் மேலே உள்ள டப்பாவும் ஒன்றாகிவிடும். குழாயில் ஆயில் சூட்டில் விரிந்தால் கூடுதலானது டப்பாவுக்குப் போய்விடும், குளிர்ந்தால் திரும்ப வரும். டிஸ்க் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கான டயஃப்ரத்தின் விரல்கள் பெட்டியின் பக்கம் நகரும், அப்போது ஸ்லேவ் பின்தள்ளப்படுவதும் இந்தத் துளையின் தயவில்தான்.

நான் புஷ்ராடை இரண்டரைச் சுற்று நீட்டியிருந்தேன். மரை சுற்றுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் என்றால் மூன்று மில்லிமீட்டர். பெடல் மேலே முட்டி நிற்கும்போதும் பிஸ்டன் அந்தத் துளையைத் தாண்டி உள்ளேயே நின்றுவிட்டது. துளை மூடிக்கொண்டது. கீழே இருந்தது இப்போது அடைத்த பாட்டில்.

ஸ்லேவிலும் அதன் பக்கத்து ஹோஸிலுமாக 10 சிசி ஆயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டவுன்பைப்பின் பக்கத்தில் அது 60 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது. பிரேக் ஆயில் ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு விரியும் என்றால் கூடுவது அரை சிசி. 19 மிமீ விட்டமுள்ள பிஸ்டனை அது ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் தள்ளும். ஸ்லேவ் தள்ளும் ரிலீஸ் பேரிங் ஏற்கெனவே அந்த விரல்களைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, தள்ளுவது எல்லாம் நேராகப் பிரஷர் பிளேட்டின் பிடியிலிருந்து கழிகிறது.

அப்படியானால் டர்போவுக்கு முன் 2,000 கிமீ ஏன் ஒன்றும் ஆகவில்லை? துளை அப்போதும் மூடித்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் டவுன்பைப் இல்லை, சூடு குறைவு. எஞ்சின் 150 நியூட்டன் மீட்டர்தான் கொடுத்தது, பிடி கொஞ்சம் குறைந்தாலும் கிளட்ச் தாங்கியது. நான் பாஸ் போட்டது 150-க்கும், சூடில்லாத ஸ்லேவுக்கும் மட்டும். 210-உம் டவுன்பைப்பும் வந்த பிறகு அந்தப் பாஸ் செல்லாது என்பது எனக்கு உறைக்கவில்லை. படிப்படியாகச் செய்வது நல்லது என்று இன்னமும் சொல்வேன், ஆனால் முந்தைய படியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதற்கு அது காரணம் ஆகாது. எனக்கு அது ஒரு வார இறுதியையும் ஒரு நல்ல டிஸ்க்கையும் விலையாகக் கேட்டது.

சரிசெய்தது

புஷ்ராடைக் குறைத்தேன், பெடலின் நுனியை விரலால் அழுத்தினால் ஓரிரு மில்லிமீட்டர் சும்மா ஆடி, அப்புறம்தான் எதிர்ப்பு தெரிகிற வரை. டப்பாவின் மூடியைத் திறந்துவைத்து நண்பரைப் பெடலை மெதுவாக விடச் சொன்னேன், கடைசி நொடியில் டப்பாவுக்குள் ஆயில் ஒரு சின்னச் சுழி எழுப்பியது. துளை திறக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. முன்பு இதே சோதனையைச் செய்திருந்தால் சுழி வந்திருக்காது, இரண்டு நிமிட வேலை.

அதோடு ஸ்லேவுக்கும் டவுன்பைப்புக்கும் நடுவில் தகடு ஒன்றை வளைத்து, இரண்டு பக்கமும் காற்று போகும்படி வைத்தேன். ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு எஃகு இழை பின்னியதைப் போட்டேன். பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்றினேன், பழையது காபி நிறத்தில் வந்தது. தகட்டை மட்டும் வைத்துவிட்டுப் புஷ்ராடைத் தொடாமல் விட்டிருந்தால் கோளாறு முப்பத்தைந்திலிருந்து ஐம்பது நிமிடத்துக்குத் தள்ளிப்போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கனமான பிரஷர் பிளேட் தேவைப்பட்டிருக்கவில்லை. போக்குவரத்து நெரிசலில் இடது கால் அதை எனக்குத் தினமும் ஞாபகப்படுத்துகிறது. அதை மாற்ற மறுபடி பெட்டியை இறக்க வேண்டும், இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை.

இரண்டு மணி நேரம் ஓட்டி எடுத்த கடைசி லாகில், முழு மிதியில், நான்காவது கியரின் விகிதம் 37.6-க்கும் 37.8-க்கும் நடுவிலேயே கிடந்தது. அந்தப் பயணத்திலிருந்து திரும்பி வரும்போது டர்போ பக்கத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். மேனிஃபோல்டையும் டர்போவையும் பிடிக்கும் நான்கு ஸ்டட்டில் ஒன்று சூட்டில் தளர்ந்து பாதி வெளியே வந்திருந்தது, இந்த வண்டியில் டர்போ போட்டவர்கள் பலருக்கும் பழக்கமான சங்கதி. சூட்டிலும் வலு அதிகம் குறையாத இன்கோனெல் என்ற நிக்கல் கலவை ஸ்டட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். வரும்வரை பூஸ்டைத் தொடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.